சுவரில் ஈரம், கூரையில் ஒழுகல்: உள்நோய் தோலில் தெரியும் விதம்

மார்கழிப் பனி நன்றாக இறங்கியிருந்த ஒரு காலை. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் நான் அப்போது நர்ஸ். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மஃப்ளரை அவிழ்த்து முகத்தைக் காட்டினாள். ஒரு கன்னத்தில் தொடங்கி, மூக்குத் தண்டைக் கடந்து, மறு கன்னம் வரை ஒரே பட்டையாகக் கருஞ்சிவப்பு. தொட்டுப் பார்த்தால் லேசாகச் சூடு தெரிந்தது.

"பனிக்காத்து அடிச்சிருச்சு சிஸ்டர். எங்க லைன்ல எல்லாருக்கும் கன்னம் வெடிச்சுத்தான் இருக்கு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். கலாமைன் கொடுத்து, வாசலின் தடவிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். நடுவில் அவள் மெடிக்கல் கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டிருக்கிறாள். தடவும்போது அடங்கும், விட்டால் திரும்பும். பங்குனி வாக்கில் வந்தபோது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. "ஒண்ணுக்குப் போனா நுரையா போகுது சிஸ்டர்" என்றாள். சிறுநீரைச் சோதனைப் பட்டையில் தொட்டுப் பார்த்தேன்; புரதம் ஏகமாக இறங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். லூபஸ் என்றார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய். சிறுநீரகத்தையும் பிடித்திருந்தது.

அந்த மார்கழிக் காலையில் நான் அவளிடம் இன்னும் மூன்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். விரல் மூட்டு வலிக்கிறதா, வாய்க்குள் புண் வருகிறதா, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா. மூன்றும் அவளுக்கு இருந்தன. கன்னத்துச் சிவப்புக்கும் விரல் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தத்தை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"ரத்தம் கெட்டுப்போச்சு"

தோலில் எது வந்தாலும் நம் ஊரில் மூன்று பேச்சு உண்டு. ரத்தம் கெட்டுவிட்டது என்பார்கள். அலர்ஜி என்பார்கள். ஒட்டிக்கொள்ளும், துண்டையும் தட்டையும் தனியாக வை என்பார்கள். உடனே கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தப்படும். வேப்பிலை அரைபடும். மலையில் இன்னொன்றும் சேரும்: எந்த வீட்டிலும் ஒரு குப்பி நீலகிரித் தைலம் இருக்கும், அதை எடுத்துத் தேய்த்துவிடுவார்கள். சளிக்கு ஆவி பிடிக்க அது சரி. வீங்கிச் சிவந்த தோலில் தேய்த்தால் எரிச்சல் கூடும், புண்ணாகவும் ஆகும்.

"ரத்தம் கெட்டுப்போச்சு" என்கிற பேச்சை முழுக்கத் தள்ளிவிட முடியாது. தோலில் தெரிவதற்கான காரணம் உள்ளே இருக்கலாம், அது ரத்தத்தின் வழியாக வரலாம் என்கிற வரை அந்தப் பேச்சு சரியான திசையில்தான் போகிறது. தவறு அடுத்த அடியில் வருகிறது. ரத்தத்தில் அழுக்கு சேரவில்லை. பேதி மருந்து குடித்துக் கழுவிவிட அங்கே எதுவும் இல்லை. ரத்தம் அங்கே தபால்காரர் வேலை பார்க்கிறது. என்ன தபால், யார் போட்டது என்பதுதான் கேள்வி.

ஒழுகும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

மலையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் சுவரில் ஈரம் படரும். சுண்ணாம்பு உப்பும், பூஞ்சை பிடிக்கும். சில வீட்டில் கோளாறு சுவரிலேயே இருக்கும்: பூச்சு சரியில்லை, வெளியே மண் அணைத்திருக்கிறது. சுவரைச் சரிசெய்தால் தீர்ந்தது. வேறு சில வீட்டில் ஓடு உடைந்திருக்கும், தகரத்தில் ஆணி ஓட்டை விட்டிருக்கும். தண்ணீர் உத்திரம் வழியாக நகர்ந்து, ஒழுகும் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் சுவரை நனைக்கும். அந்தச் சுவருக்கு எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் அடுத்த மழைக்கு ஈரம் வந்து நிற்கும். போதாததற்கு, பக்கத்து அறையில் அரிசி மூட்டையும் நனைந்துகொண்டிருக்கும். அது யார் கண்ணிலும் படாது.

தோல் நோய்களும் இப்படித்தான். படர்தாமரை, சிரங்கு, சோப்பு ஒத்துக்கொள்ளாமல் வருகிற அரிப்பு போன்றவை சுவரிலேயே உள்ள கோளாறு. லூபஸ், சொரியாசிஸின் ஒரு பகுதி, காலில் திடீரென்று எழும் சில கட்டிகள், இவை கூரை ஒழுகல். உடம்பின் பல உறுப்புகளை ஒரே சமயத்தில் தொடுகிற நோயை இந்தக் கட்டுரையில் உடல்தழுவிய நோய் என்று சொல்கிறேன். அது தோலில் தெரியும்போது நனைந்த அரிசி மூட்டையையும் தேட வேண்டும்.

அழற்சி என்றால் என்ன

கையில் முள் குத்தினால் என்ன ஆகிறது? குத்திய இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமில் வாழ்ந்த செல்சஸ் இந்த நான்கையும் வரிசையாக எழுதி வைத்தார். இந்த நான்கும் சேர்ந்ததுதான் அழற்சி. காயத்துக்கும் கிருமிக்கும் உடம்பு கொடுக்கும் பதில் அது. இதைக் கிருமி உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். சிவப்பும் வீக்கமும் நம் உடம்பே செய்கிற வேலை. கிருமி இல்லாமலும் அது நடக்கும்.

எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துக் காட்சி ஒன்று போதும். ராத்திரி காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் முதலில் பார்த்தவர் விசில் ஊதுவார். விசில் கேட்டு நாலு பேர் டார்ச்சோடு ஓடி வருவார்கள். அவர்கள் தகரம் தட்டுவார்கள், அடுத்த லைன் வீடுகளுக்கும் குரல் கொடுப்பார்கள். பட்டாசு வெடிக்கும். மாடு ஓடிவிடும். விடிந்து பார்த்தால் வேலியும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பாத்தியும் மிதிபட்டிருக்கும்.

உடம்பில் அந்தக் காவல்காரர்கள் வெள்ளை அணுக்கள். அவர்கள் ஊதும் விசில் சைட்டோகைன்: ஓர் அணு இன்னோர் அணுவுக்கு "இங்கே வா", "பெருகு", "தாக்கு" என்று சொல்ல வெளியிடும் சிறிய புரதம். விசில் கேட்டதும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது; அதனால் வீக்கம். நரம்பு முனைகள் உறுத்தப்படுகின்றன. அதனால் வலியோ அரிப்போ. வேலை முடிந்ததும் விசில் நின்று எல்லாரும் கலைந்துவிட வேண்டும். முள் குத்திய விரல் நாலு நாளில் சரியாவது அதனால்தான்.

சிக்கல் இரண்டு வகையில் வரும். மாடு போன பிறகும் விசில் நிற்காமல் இருக்கலாம். அல்லது, காவல்காரர்கள் வீட்டுப் பசுவையே காட்டுமாடு என்று அடையாளம் மாற்றிக்கொண்டு விரட்டலாம். இந்த இரண்டாவதற்குப் பெயர் தன்னெதிர்ப்பு: நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பின் பாகத்தையே அந்நியமாக எண்ணித் தாக்குவது. விசில் சத்தம் ரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் கேட்கும். அதனால் தோலில் நடக்கும் சண்டை மூட்டிலும், சிறுநீரகத்திலும், கண்ணிலும் நடக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். சிவப்பும் வீக்கமும் உடம்பின் சொந்தப் பதில். அந்தப் பதில் ஓயாமல் போனாலோ, ஆள் மாறித் தாக்கினாலோ நோயாகிறது. சேதி ரத்தத்தில் போவதால் ஓர் இடத்தோடு நிற்பதில்லை.

ஒரே விசில், தோலுக்கும் மூட்டுக்கும்: சொரியாசிஸ்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்கிற பெயரில் பேசப்படுவது பெரும்பாலும் இதுதான். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் தடித்த படை. மேலே வெள்ளிச் செதில். ஒட்டாது, ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது. இதை மூன்று முறை எழுதக் காரணம் இருக்கிறது. கல்யாணம் நின்றுபோனதையும், மதிய இடைவேளையில் தனியாக உட்கார வைக்கப்பட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். 2014-ல் உலக சுகாதார மாநாடு சொரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியபோது, இந்த நோயாளிகள் அனுபவிக்கும் ஒதுக்கலையும் சேர்த்தே பேசியது.

நம் தோலின் அடியில் பிறக்கும் ஓர் அணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் வெள்ளை அணுக்கள் விடாமல் "பெருகு, பெருகு" என்று விசில் ஊதுகின்றன. அந்த ஒரு மாதப் பயணம் நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முற்றாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அந்தக் குவியல்தான் செதில். மேலே சொன்ன தைலம் தேய்க்கும் பழக்கத்துக்கு இங்கே இன்னொரு கெடுதலும் உண்டு. சொரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் எங்கே காயமோ கீறலோ எரிச்சலோ பட்டாலும் அந்த இடத்தில் புதுப் படை முளைக்கலாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார்.

இப்போது கூரைக்கு வருவோம். சொரியாசிஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு மூட்டழற்சியும் வருகிறது. பெரும்பாலும் தோலில் படை வந்து சில வருடங்கள், பத்து வருடம்கூட, கழித்து. மலையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மூட்டு வலி என்றாலே இங்கே "குளிருக்குப் பிடிச்சிருக்கு" என்று முடித்துவிடுவோம். ஆனால் குளிருக்குப் பிடிக்கிற கை அடுப்பருகே காய்ச்சினால் இளகிவிடும். அழற்சியால் இறுகும் மூட்டு காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்தே நிற்கும். ஓய்வெடுத்தால் கூடும், வேலை செய்யச் செய்யக் குறையும். ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை உருண்டு வீங்கலாம். குதிகாலின் பின்புறம் வலிக்கலாம். நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஊசி முனையால் குத்திக் குத்தி எடுத்த மாதிரிச் சிறு குழிகள் இருந்தால் மூட்டையும் கேட்டே ஆக வேண்டும். அந்த நகத்தைச் சாய்த்துப் பார்க்க அரை நிமிடம் போதும். காலதாமதமானால் மூட்டு உருக்குலைந்துவிடும், அதைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை.

தோலில் அதிகமாகப் பரவிய சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பும் கூடுதல். அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவைப்பது நல்லது.

குளிரிலும் சுடும் வெயில்: லூபஸ்

அந்தப் பெண்ணுக்கு வந்த நோய்க்கு வருவோம். லூபஸில் உடம்பு தன் அணுக்களின் உட்கருவில் உள்ள பொருட்களுக்கே எதிராக எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. எதிர்ப்புப் புரதம் என்பது குறிப்பிட்ட ஒரு எதிரியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் கொக்கி. உட்கரு சாதாரணமாக அணுவுக்குள் பூட்டிக் கிடக்கும்; கொக்கிக்கு எட்டாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் அணுக்களைச் சிதைக்கும்போது உள்ளே இருந்தது வெளியே கொட்டுகிறது. கொக்கிகள் வந்து மாட்டுகின்றன. சண்டை தொடங்குகிறது. வெயில் படும் கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பு வருவது அதனால்தான். ரத்தத்தில் மிதக்கும் கொக்கிக் கொத்துகள் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியில் போய்ச் சிக்குகின்றன. புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. நுரையும் கால் வீக்கமும் அங்கிருந்து வந்தவை.

ஆக, கன்னத்துச் சிவப்பும் சிறுநீர் நுரையும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

மலையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். "இந்தக் குளிர்ல வெயில் என்ன பண்ணும்" என்று கேட்காதவர்கள் இல்லை. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, மேலே காற்று அடுக்கு மெலிவதால். ஊட்டி சுமார் 2200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2100-ஐ ஒட்டி. மேட்டுப்பாளையத்தில் வியர்த்து நிழல் தேடுகிற அதே மனிதர் ஊட்டிக்கு ஏறினதும் இதமான வெயில் என்று முகத்தை நீட்டிக் காய்கிறார். அங்கே விழும் கதிர் கீழே விழுவதைவிட அதிகம். மெல்லிய மேகமும் அதை முழுக்கத் தடுப்பதில்லை. லூபஸ் உள்ளவர் மலையில் காலை வெயில் காயக் கூடாது. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றும் மேகமூட்டமான நாளிலும் வேண்டும்.

படங்களில் காட்டுகிற லூபஸ் முகம் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகம், பளிச்சென்று சிவந்திருக்கும். நம் நிறத்தில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாக, சிலருக்கு வெறும் கருமையாகவே இருக்கும். "வெயில்ல கறுத்துட்டா" என்று விட்டுவிடுவோம். அதனால் நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள்: சூடு, தடிப்பு, மெல்லிய செதில். இன்னொரு அடையாளமும் உண்டு. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பில் லூபஸ் சிவப்பு பொதுவாக இறங்காது. மடிப்பு மட்டும் தெளிவாக இருக்கும். பொடுகோடு வரும் முகச் சிவப்பு அந்த மடிப்பில்தான் முதலில் குடியேறும். வீட்டில் வைத்தே முடிவு கட்ட இது போதாது, ஆனால் டாக்டரிடம் சொல்லத் தக்க விஷயம்.

லூபஸ் வருகிறவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். களைப்பு, மூட்டு வலி, முடி உதிர்தல் என்று அவர்கள் சொல்வதை எல்லாம் "ரத்த சோகை, வேலை அதிகம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கால் முன்புறத்தில் வலிக்கிற முடிச்சுகள்

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி, நெல்லிக்காய் அளவில் சிவந்த முடிச்சுகள் நாலைந்து எழும். தொட்டாலே உயிர் போகும். சீழ் வைக்காது, உடையாது. சில வாரத்தில் அடிபட்ட கன்றல் மாதிரி நிறம் மாறி, தழும்பு இல்லாமல் மறையும். எரிதீமா நொடோசம் என்று இதற்குப் பெயர். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்கில் நடக்கும் அழற்சி இது.

இங்கே கிருமி காலில் இல்லை. வேறெங்கோ இருக்கும் ஒன்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை காலில் தெரிகிறது. போன மாதம் வந்த தொண்டை வலியாக இருக்கலாம், சாப்பிடுகிற ஒரு மாத்திரையாக இருக்கலாம், குடலின் அழற்சி நோயாக இருக்கலாம். நம் நாட்டில் முதலில் தேட வேண்டியவற்றில் ஒன்று காசநோய். காலைக் காட்ட வந்தவரை நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னால் கோபப்படுகிறார்கள். "கால் வலின்னு வந்தா நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்றாங்க" என்று ஒருவர் என் முன்னாலேயே சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சீட்டு எழுதிய டாக்டர் கூரையைத் தேடியிருக்கிறார் என்று அன்றைக்கு அவரிடம் பொறுமையாகச் சொல்ல எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

கண்ணாடி டம்ளர் சோதனை

காலில் சிவப்புப் புள்ளிகள் திடீரென்று பரவினால் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன் மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்தால் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது; குழாய் விரிந்திருக்கிறது, அவ்வளவே. மறையாமல் அப்படியே நின்றால் ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது. அந்தப் புள்ளிகள் கைக்குத் தட்டுப்படும்படி மேடாகவும் இருந்தால், சிறு ரத்தக்குழாய்களின் சுவரிலேயே அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது சிறுநீரை உடனே பார்க்க வேண்டும். கூடவே காய்ச்சலோ, குழந்தை சோர்ந்து கிடப்பதோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். மேல் இமைகளில் கத்தரிப்பூ நிறமும், விரல் கணுக்களின் மேல் தடித்த புடைப்புகளும் வந்து, கூடவே மேடு ஏறவோ தலை வாரக் கை தூக்கவோ முடியாமல் போனால், அது தோலையும் தசையையும் சேர்த்துப் பிடிக்கும் டெர்மட்டோமயோசிட்டிஸ் ஆகலாம். பெரியவர்களுக்கு இது வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடுவார்கள். மற்றது, சிறு கொப்புளமாகத் தொடங்கி விறுவிறுவென்று அகலும், ஊதா விளிம்புள்ள கடும் வலிப் புண். கிருமிப் புண் என்று நினைத்துச் சதையைச் சுரண்டி எடுத்தால் இன்னும் பெரிதாகும். இதற்குப் பின்னால் குடல் அழற்சியோ மூட்டழற்சியோ இருப்பது உண்டு.

பனியில் வீங்கும் விரல்கள்

மலைக்கே உரிய குழப்பம் இது. மார்கழி, தை மாதங்களில் கால் விரல்கள் சிவந்து, ஊதா நிறமாகி, வீங்கி, அடுப்பருகே போனால் அரிப்பு தாங்காது. ஈரத்தில் நிற்பவர்களுக்கும், காரட் கழுவுகிற இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தே இருப்பவர்களுக்கும் அதிகம். பெரும்பாலும் இது குளிருக்குச் சிறு ரத்தக்குழாய்கள் கொடுக்கும் பதில் மட்டுமே. கை காலை உலர்வாகவும் கதகதப்பாகவும் வைத்தால், பனிக்காலம் போனதும் போய்விடும். தணல் மேல் நேராகக் காய்ச்சக் கூடாது. உணர்வு மரத்த விரல் சுட்டுக்கொள்ளும்.

வேறொரு வகை: குளிர் பட்டதும் விரல் வெளுத்து, பிறகு நீலித்து, சூடு வரும்போது சிவப்பது. ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் விவரித்தது. இளம் பெண்கள் பலருக்கு இது தனியாகவே வரும், ஆபத்தில்லை. முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, விரல் தோல் இறுகி மோதிரம் கழற்ற முடியாமல் போனாலோ, உள்ளே தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனி போய்ச் சித்திரை வந்த பிறகும் விரல் வீக்கம் போகவில்லை என்றால் அதையும் பனி என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

சுவர்க் கோளாறே அதிகம்

இவ்வளவும் படித்தபின் ஒவ்வொரு தடிப்புக்கும் பயந்துவிடாதீர்கள். டிஸ்பென்சரிக்கு வந்த அரிப்பில் பெரும்பகுதி சிரங்கும் படர்தாமரையும் வறட்சியும்தான். ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் எல்லாரும் சொறிந்தால் அது சிரங்கு. வட்டமாக, விளிம்பு தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கும். இவற்றுக்குக் கூரை தேட வேண்டாம்.

ஆனால் கடையில் கேட்டு வாங்கும் ட்யூப் சுவர்க் கோளாறு, கூரை ஒழுகல் இரண்டையுமே கெடுக்கிறது. அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு என்பது அழற்சியின் விசிலை அமுக்கும் மருந்து. படர்தாமரையில் தடவினால் சிவப்பு அடங்கும், பூஞ்சை அடியில் சுகமாகப் பரவும். உள்நோயின் தடிப்பில் தடவினால் அடையாளம் அழிந்து, டாக்டர் பார்க்கும்போது எதுவும் தெரியாமல் போகும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் அந்த ட்யூபையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தடிப்பு உச்சத்தில் இருக்கும் நாளில் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மலையிலிருந்து இறங்கி முறை வாங்கிப் போவதற்குள் பாதி மறைந்திருக்கும்.

சோதனையும் மருந்தும்

முதல் சோதனை விலை மலிவு: சிறுநீர். அதில் புரதமோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டை போதும். அடுத்து ரத்த அணுக்கள், சிறுநீரக, ஈரல் சோதனைகள். தேவைப்பட்டால் தோலில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஏ.என்.ஏ. என்ற சோதனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உட்கருவுக்கு எதிரான கொக்கிகள் ரத்தத்தில் உண்டா என்று அது பார்க்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் அது பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு லூபஸ் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் அறிகுறி இருக்கும்போதுதான் அந்தத் தாளுக்குப் பொருள்.

மருந்தைப் பொறுத்தவரை, விசிலை எந்த இடத்தில் அடக்குவது என்பதே கணக்கு. லூபஸில் பெரும்பாலானவர்களுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். இதில் நம் மலைக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரம் பயிரிட்டார்கள். அதன் பட்டையில் இருக்கும் குயினைன் மலேரியாவுக்கு மருந்து. 1894-ல் லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் அதே குயினைனை லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். பிறகு குயினைனுக்கு மாற்றாக ஆய்வகத்தில் உருவான மலேரியா மருந்துகளின் குடும்பத்திலிருந்து வந்ததுதான் இன்றைய மாத்திரை. மலேரியா மாத்திரை எனக்கெதற்கு என்று பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது, கண் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டு தொடர வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக ஒருநாளும் திடீரென்று விடக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

அந்தப் பெண் இப்போதும் கொழுந்து பறிக்கிறாள். அகலமான தொப்பி, அதன் மேல் ஒரு துண்டு, முழுக்கைச் சட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் பார்க்க வருவாள். போன தையில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை; கால் விரல் நாலும் ஊதாவாக வீங்கியிருந்தன. "சிஸ்டர், இவளுக்கும் வாய்ல புண் இருக்கான்னு பாருங்க, மூட்டு வலிக்குதான்னு கேளுங்க, ஒண்ணுக்கும் சோதிச்சுருங்க" என்றாள். எல்லாம் கேட்டேன், எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஈரச் சாக்ஸோடு தினம் இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறாள். இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.